என் போனில் இறங்கிய ஆப்பு

தீபாவளிக்கு வந்த தங்கை மகன், போகிறபோது என் போனில் செலவுக் கணக்குப் பார்க்கும் ஆப் ஒன்றை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். "பேங்க் மெசேஜை அதுவே படிச்சுக்குமுங்க மாமா. நீங்க சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருக்க விட்டால்தானே? முதல் கேள்வியே, உங்கள் மாத வருமானம் எவ்வளவு என்பது. குமாரபாளையத்தில் நாலு விசைத்தறி போட்டு லுங்கி ஓட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? எங்களுக்கு மாதம் என்பது காலண்டரில் மட்டும்தான் உண்டு. வியாபாரி பாவும் ஊடை நூலும் கொடுப்பார். நெய்து கொடுத்தால் வாரக் கடைசியில் கூலி. அதிலும் முன்பணத்துக்குப் பிடித்தது போக மிச்சம்தான் கைக்கு வரும். அடுத்த பாவு வரவில்லையா, தறியும் தூங்கும், நானும் தூங்கலாம். யோசித்து யோசித்து ஏதோ ஒரு தொகையைப் போட்டேன். அன்றிலிருந்து ஆப்பின் கண்ணுக்கு நான் மாசச் சம்பளக்காரன். எனக்குப் பெண் தேடிய காலத்தில் இந்த ஆப் இல்லாமல் போயிற்று.

அடுத்து கரண்ட் பில். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை இலவசம். 2023-க்கு முன்பு 750 தான். பாவு கிடைக்காமல் மூன்று வாரம் தறி நின்ற சமயத்தில் பில் நன்றாகவே குறைந்தது. உடனே ஆப், 'சபாஷ், மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறீர்கள்' என்று ஒரு கைதட்டல் படம் அனுப்பியது. தறி நின்றதற்காக என்னைப் பாராட்டிய ஒரே ஜீவன்.

அக்கா வீடு பவானியில். நடுவில் காவிரி, ஒரு பாலம், அவ்வளவுதான். இங்கே தாளித்த குழம்பை ஆறுவதற்குள் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாம். ஆனால் இந்தக் கரை நாமக்கல் மாவட்டம், அந்தக் கரை ஈரோடு மாவட்டம். அங்கே போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினால்கூட, 'சுற்றுலாச் செலவா?' என்று ஆப் கேட்கும். கூடுதுறையில் குளித்து வந்த அன்றைக்கு மட்டும் 'ஆம்' என்று அழுத்தினேன்.

அக்கா மகள் கல்யாணம் வந்தது. தாய்மாமன் சீர்! பட்டுப்புடவை, தங்கக் காசு, பழத்தட்டு என்று எல்லாவற்றையும் 'அன்பளிப்பு' என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு, பட்ஜெட்டைப் பல மடங்கு தாண்டிவிட்டதாகச் சிவப்பில் அலறியது ஆப். அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"தாய்மாமன் சீருக்கு அளவு சொல்ல அவன் யாரு சாமி, பங்காளியா?" என்றது அம்மா.

மொய்யும் அதே பெட்டிக்குள்தான் போனது. மொய் எப்படி அன்பளிப்பாகும்? அப்பாவின் மொய் நோட்டைப் புரட்டி, நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் வைத்த 501-ஐப் பார்த்து, அதற்குமேல் கொஞ்சம் சேர்த்து வைக்கிறோம். கொடுத்தவன் செத்தாலும் அந்தக் கணக்கு சாகாது. அந்த நோட்டுக்கு சார்ஜும் போட வேண்டியதில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். வினை டீக்கடையில் இருந்தது. அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை கடைக்காரர் சம்சாரத்தின் பேரில். மாதக் கடைசியில் ஆப் ஒரு பட்டியல் போட்டது: நீங்கள் அடிக்கடி பணம் அனுப்பும் நபர். 58 தடவை. பக்கத்தில் ஒரு பெண் பெயர். பெயரை இங்கே எழுதினால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும், வேண்டாம்.

"ஏனுங்க, யாருங்க இது?" என்றாள் வீட்டுக்காரி. குரலில் கோபமே இல்லை. அதுதான் பயம்.

கடைக்கே கூட்டிப்போய் அட்டையைக் காட்டிய பிறகுதான் வீட்டில் சோறு. நல்லவேளை, அந்தம்மாவே வடை சுட்டுக்கொண்டிருந்தார். திரும்பும்போது உத்தரவு வந்தது: "இனிமே டீக்குக் காசாவே குடுங்க."

கொடுத்தேன். போன மாதம் ஆப்பில் டீச் செலவு பூஜ்யம். 'கெட்ட பழக்கத்தை வென்றுவிட்டீர்கள்' என்று மறுபடியும் கைதட்டல். கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் அதைப் படித்தேன். இரண்டாவது டீ வந்துகொண்டிருந்தது.