முதலில் பெயர், ரயில் பிறகு

பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை மெட்ரோ ரயில் வரப்போகிறதாம். 27.9 கிலோமீட்டர், 14 நிலையங்கள், 8,779 கோடி ரூபாய். 2025 மே மாதம் மாநில அரசு கொள்கையளவில் ஒப்புதலும் கொடுத்துவிட்டது. அதற்கப்புறம் அது பரந்தூர் வரை நீளும். அதாவது இன்னும் கட்டாத விமான நிலையத்துக்கு இன்னும் போடாத ரயில்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து எங்கள் மண்ணூர்க்காரர்களுக்குக் காத்திருப்பது புதிதில்லை. 2011இல் ஆட்சிக்கு வந்தவர்கள் பூந்தமல்லியிலிருந்து கத்திப்பாராவுக்கு மோனோ ரயில் என்றார்கள். ஒரு தூண்கூட எழவில்லை. ஆவடி–ஸ்ரீபெரும்புதூர்–கூடுவாஞ்சேரி ரயில் பாதை பத்து வருடத்துக்கும் மேலாகக் காகிதத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே அரசுக்கு ஒரு யோசனை: ரயில் மெதுவாக வரட்டும் ஐயா, நிலையத்துக்குப் பெயரை வைத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் நேரத்துக்கு நடக்கிற ஒரே ரயில்வே வேலை அதுதான்.

கேலி என்று நினைக்க வேண்டாம். 2020 ஜூலை 31 அன்று சென்னை மெட்ரோவில் மூன்று நிலையங்களுக்குப் பெயர் மாற்றினார்கள். ஆலந்தூருக்கு அறிஞர் அண்ணா, சென்ட்ரலுக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன், கோயம்பேடு பஸ் நிலையத்துக்குப் புரட்சித் தலைவி டாக்டர் ஜெ.ஜெயலலிதா. அன்றைக்கு மெட்ரோவில் ஒரு ரயில்கூட ஓடவில்லை. கொரோனாவுக்காக மார்ச்சில் நிறுத்திய ரயில் செப்டம்பரில்தான் மறுபடி கிளம்பியது. ஊரே வேலையும் கூலியும் இல்லாமல் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, ஓடாத ரயிலின் நிலையங்களுக்குப் பட்டப்பெயர்களோடு அரசாணை! அதற்கும் ஒரு கோப்பு, அதற்கும் கையெழுத்துகள். ஜனங்கள் இன்றைக்கும் “சென்ட்ரல் ஒண்ணு குடுங்க” என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள்.

அடுத்து வந்தவர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். பெயர் பிரமாதம். பக்கத்திலேயே தண்டவாளம் போகிறது, ஆனால் திறந்த அன்று நின்று ஏற ரயில் நிலையம் இல்லை. நள்ளிரவில் மூட்டையும் குழந்தையுமாக இறங்கியவர்கள் ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்தார்கள். தென்மாவட்ட பஸ்கள் அங்கே போனபிறகு, கோயம்பேட்டில் அம்மையாரின் பெயர் தாங்கிய பஸ் நிலைய மெட்ரோ பாதி பஸ் நிலையத்துக்குக் காவல் நிற்கிறது.

இந்தப் பெயர் வியாதியில் எங்கள் மண்ணுக்கு அனுபவம் உண்டு. ஒரு காலத்தில் எங்கள் மாவட்டமே ‘செங்கை எம்.ஜி.ஆர்.’ மாவட்டம். அப்போது போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர் பெயர், மன்னர் பெயர். 1997இல் விருதுநகரில் புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும், அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதிக்காரர்கள் கிளம்பினார்கள்; கலவரம் மூண்டது. ஒரு பட்டியல் சாதி வீரனின் பெயரைக் காப்பாற்ற முதுகெலும்பில்லாத அரசு, எல்லா மாவட்டங்களிலும் எல்லாக் கழகங்களிலும் பெயரைச் சுரண்டி எடுத்தது. இருபத்து மூன்று வருடத்துக்கு மேல் பொறுக்க முடியவில்லை, மெட்ரோவில் மறுபடி பெயின்ட் டப்பாவோடு வந்துவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் நிலையம் வரட்டும், ராமானுஜரா ராஜீவ் காந்தியா என்று ஒரு வருடம் ஓட்டலாம்.

அல்லது விற்றுவிடலாம். குருகிராமின் ரேபிட் மெட்ரோவில் நிலையப் பெயரைச் செல்போன் கம்பெனிக்கும் வங்கிக்கும் விற்றார்கள். பெங்களூரில் கோணப்பன அக்ரஹாரத்துக்கு முன்னால் இன்ஃபோசிஸ் அறக்கட்டளை ஒட்டிக்கொண்டது. இங்கே வாங்குவதற்கு ஆளா இல்லை? ஆனால் 2006இல் இந்த மெட்ரோ இருந்திருந்தால் ‘நோக்கியா’ என்றுதான் வைத்திருப்பார்கள். 2014 நவம்பரில் நோக்கியா இங்கிருந்த ஆலையின் கதவைச் சாத்திப் போய்விட்டது. வேலை போன ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தினமும் அந்தப் பலகையின் கீழே இறங்கி வேறு வேலை தேடியிருப்பார்கள்.

இந்தக் கூத்தில் யாருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு: எத்தனை மணிக்கு ரயில்?

சென்னை மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணியோடு அடங்கும். அது ஆபீஸ் போகிறவர்களின் கடிகாரம். எங்கள் பக்கத்து ஆலை ஊர்களான இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும் ஷிப்டில் வாழ்கின்றன. விடியலில் முதல் ஷிப்டுக்குக் கேட் திறக்கும்போது மேற்கு மாம்பலத்திலிருந்து வருகிறவர் எந்த ரயிலில் ஏறுவார்? ராத்திரி செகண்ட் ஷிப்ட் முடிந்து பஞ்ச் அடித்து வெளியே வருகிற பெண் எந்த ரயிலைப் பிடிப்பாள்? நிரந்தரத் தொழிலாளிக்குக் கம்பெனி பஸ் உண்டு. கான்ட்ராக்ட் பையனுக்குப் பல இடங்களில் அதுவும் இல்லை, ஷேர் ஆட்டோவில் தொங்க வேண்டும். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பேர் தங்கும் விடுதியைத் திறந்தார்கள். நல்லதுதான். ஆனால் வேலைக்கு வருகிறவளை வேலைக்குப் பக்கத்திலேயே அடுக்கிவைத்துவிட்டால், அவள் ஊர் சுற்ற, சினிமா பார்க்க, அம்மாவைப் பார்க்க ஒரு பொதுப் போக்குவரத்து வேண்டும் என்பதே மறந்துபோகிறது.

மண்ணூர் பெங்களூர் சாலையில் இல்லை, தண்டலத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நெடுஞ்சாலை நடுவில் தூண் நட்டு மேலே ரயிலை ஓட்டினால், கீழே இறங்குகிறவருக்கு லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடப்பதே ஒரு ஷிப்ட் வேலை. அங்கிருந்து ஊருக்குள் வர இருட்டு, நாய், ஒற்றை ஷேர் ஆட்டோ. எட்டாயிரத்துச் சொச்சம் கோடியில் இதற்கு எத்தனை ரூபாய் என்று திட்ட அறிக்கை எழுதிய மகான்கள் சொல்லட்டும்.

அதிகாரிகளே, அமைச்சர்களே, எந்தத் தலைவரின் பெயரை வேண்டுமானாலும் வையுங்கள், எத்தனை டாக்டர் பட்டம் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலகை போதவில்லை என்றால் நாங்களே இடம் தருகிறோம். ஆனால் கால அட்டவணை போடுகிற அன்று, ஆலைகளின் ஷிப்ட் நேரத்தை ஒருமுறை கேட்டு வாங்குங்கள். கடைசி ரயிலில் இறங்குகிறவளுக்காகத் தண்டலத்திலிருந்து மண்ணூருக்கு ஒரு மினி பஸ் விடுங்கள். அதற்குப் பெயர் எதுவும் வேண்டாம், நம்பர் போதும்.