கிழிசலுக்கு ஒரு லேயர்

1917-இல் ஜேம்ஸ் மான்ட்கோமரி ஃப்ளாக் வரைந்த சுவரொட்டியிலிருந்து, அமெரிக்காவின் உருவகமான அங்கிள் சாம் விரலை நீட்டி அமெரிக்கர்களைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டார். நாற்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சாயின. அந்த முகம் ஃப்ளாக்கின் சொந்த முகம்தான். மாடல் தேடி அலையாமல், தனக்கே வயதைக் கூட்டித் தாடி ஒட்டிக்கொண்டார்.

அன்றைய அச்சகத்தில் சிவப்பு ஒரு நூல் விலகி விழுந்தால் அந்தத் தாள் கழிவு. பழைய சுவரொட்டி போலவே படம் வரையும் இன்றைய டிஜிட்டல் ஓவியர் அந்த விலகலுக்காகவே காசு கொடுத்து பிரஷ் வாங்குகிறார். மடிப்புக்கு ஒரு லேயர், மஞ்சள் கறைக்கு ஒரு லேயர், கிழிந்த மூலைக்கு இன்னொன்று. காலையில் பிறந்த படத்துக்கு மாலைக்குள் நூறு வயது.

படத்துக்கு மட்டுமா, சரித்திரத்துக்கும் இதே ஒப்பனைதான். போலந்து ஓவியர் யாகுப் ருஜால்ஸ்கியின் '1920+' ஓவியங்களில் போலந்து–சோவியத் போர்க்காலத்து வயல்கள் வருகின்றன. தூரத்து மூடுபனியில் புகை கக்கிக்கொண்டு இரும்பு ராட்சதன் நடந்துவருகிறான். 2016-இல் வந்த 'ஸைத்' பலகை விளையாட்டும், 2020-இல் வந்த 'அயர்ன் ஹார்வெஸ்ட்' கணினி விளையாட்டும் இந்த உலகத்தில்தான் நடக்கின்றன. அழகு என்றால் அப்படியொரு அழகு, எனக்கும் பிடிக்கும். ஆனால் முன்னால் கதிர் அறுப்பவர்களைக் கவனியுங்கள். கையில் அதே பழைய அரிவாள். கால் முளைத்த பீரங்கியைக் கண்டுபிடித்த அந்த மாற்று வரலாற்றில், அதன் காலில் ஓர் அரிவாளைக் கட்டிவிட ஒருவருக்கும் தோன்றவில்லை.