துருவுக்குத் தவமிருப்பவர்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மின்கிட்டார் வாசிப்போருள், கடையிலிருந்து பளபளவென்று வந்திறங்கிய உலோக உறுப்புகளை அன்றைக்கே கிழப்பருவம் எய்தச் செய்வதில் இன்பம் காணும் ஒரு வகையினர் உண்டு. அவர்கள் இச்செயலை ‘ரெலிக்’ செய்தல் என்பர். புனிதரின் எலும்பையும் ஆடைத்துண்டையும் குறித்து, கத்தோலிக்கத் தமிழர் திருப்பண்டம் என வழங்கும் சொல் அது. இங்கே பண்டம் மட்டும் ஆயத்தமாகிவிடுகிறது. புனிதர்தான் இன்னும் ‘சி’ கார்டைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

அயர்லாந்தின் கிட்டார் கலைஞர் ரோரி காலஹர் 1963இல் வாங்கிய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார், ஆண்டுக்கணக்கில் மேடையேறி, வியர்வையில் ஊறி, வண்ணம் உரிந்து மரம் தெரிய நின்றது. அதைத் தயாரித்த ஃபெண்டர் நிறுவனத்தின் கஸ்டம் ஷாப் பிரிவு, இத்தகைய தேய்ந்த தோற்றத்தோடு புதிய கிட்டார்களை 1995இல் விற்கத் தொடங்கியதும், வியர்க்காமலே வியர்வையின் பலனை அடையும் வழி திறந்தது. அதற்கும் பணம் கொடுப்பானேன் என்று கருதும் அன்பரே வீட்டுக் கொட்டகையில் வேலையைத் தொடங்குகிறார்.

மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் சிறு கிண்ணத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வைத்து, அதன் ஆவி படும்படி திருகாணிகளையும், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜையும் நூலில் கட்டித் தொங்கவிட்டால், நிக்கல் முலாம் மெருகிழந்து மங்கும். எஃகுத் திருகாணிகளில் துரு பூக்கும். எளிதில் மங்காத குரோமிய முலாம் அவருக்கு நன்றி கெட்ட உலோகமாகத் தோன்றுகிறது. தன் குழந்தையின் காய்ச்சலைக்கூட இத்தனை முறை எழுந்து பார்த்திராதவர், மூடியை மணிக்கொரு தரம் திறந்து, இருமி, கண் கசக்கி, மூடுகிறார். போதிய முதுமை வந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, அமிலத்தின் வேகத்தைத் தணிக்கிறார்.

அதன்பின் தொடங்குவது சாத்திர ஆராய்ச்சி. வலக்கை படியும் இடம் உராய்வினால் மினுங்க வேண்டும், விரல் எட்டாத மூலை கறுத்திருக்க வேண்டும் என்பது நெறியாதலால், பழைய கிட்டார்களின் படங்களை உருப்பெருக்கியில் பார்த்து, நாற்பது ஆண்டு அலட்சியத்தை மில்லிமீட்டர் பிசகாமல் வரைந்துகொள்கிறார். டெலிகாஸ்டர் என்னும் கிட்டாரின் பிரிட்ஜ் மூடிக்கு ‘ஆஷ்ட்ரே’ என்னும் பட்டப்பெயர் உண்டு. வாசிப்புக்கு இடைஞ்சலென்று அதைக் கழற்றியவர்கள் சிகரெட் சாம்பலைத் தட்டப் பயன்படுத்தியதால் வந்த பெயர். புகைப்பழக்கமே இல்லாத நம் அன்பர், வரலாற்று நேர்மையை முன்னிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் சாம்பல் கேட்கிறார். (வாசிப்புப் பயிற்சி இக்காலத்தில் நடைபெறுவதில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.)

அமில ஆவிக்கோ பெட்டியின் எல்லை தெரியாது. மறுவாரம் பார்த்தால், கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த ரம்பம், ஸ்பானர், இடுக்கி அனைத்தும், யாரும் படம் பார்த்து வரைந்துகொடுக்காமலே, குறைசொல்ல முடியாத நேர்த்தியோடு துருப்பிடித்திருக்கின்றன. அன்பர் அவற்றைக் கண்டு மனம் நொந்து, எண்ணெயும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு, இரவெல்லாம் தேய்த்துப் புதிதாக்குகிறார்.