கூத்துல தூங்கிப்போனவன்

வாடா பேராண்டி. போளூர்ல ஏறி ஜமுனாமரத்தூர்ல எறங்குறதுக்குள்ள எத்தினி வளைவுன்னு எண்ணினியா? எங்க எண்ணியிருக்கப் போற. செல்லுக்குள்ள தலைய வுட்டவனுக்கு வளைவு தெரியாது, வாந்திதான் தெரியும். உக்காரு. சாமைக் கஞ்சி இருக்குது, ஊத்திக்க.

பையில இன்னாடா, வைக்கோல் தொப்பி? ஆடு மேய்க்கப் போறியா? ஓ, ஒன் பீஸ் லூஃபி தொப்பி! சரி சரி, சங்கதி புரிஞ்சுபோச்சு. சென்னையில காமிக் கானுக்குப் பழைய அனிமே கூட்டாளிங்க கூப்புட்டிருக்கானுங்க. ஆறு வருசத்துக்கு மேல அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காத தொரைக்கு இப்பப் போலாமா வேணாமான்னு யோசனை.

முழிக்காத. ஆஸ்டல்ல சோறாக்கிப் பொழைச்சவன் நான். நீ பொம்மை பாத்த கதை எனக்குத் தெரியாதா? 2006ல கலைஞர் இலவசக் கலர் டீவி குடுக்க ஆரம்பிச்சார், மறுவருசமே சுட்டி டீவி வந்துச்சு. அப்பறம் ஆடு தானா வூடு வந்து சேந்தாத்தான் உண்டு. ஷின்சானைப் பாத்துட்டு உங்கம்மாவைப் பேர் சொல்லிக் கூப்புட்டு, கரண்டிக் காம்பால வாங்கினியே, தழும்பு இருக்குதா?

காலேசுக்குப் போனதும் கூட்டாளிங்க சேந்தானுங்க. 2019ல ஷின்காயோட 'வெதரிங் வித் யூ' படத்தை இந்தியாவுக்குக் கொண்டாங்கடான்னு அம்பதாயிரம் பேருக்கு மேல மனு போட்டீங்க. ரேசன் கார்டுல பேர் சேக்க ஒரு மனு எழுதித் தாடான்னா கை வலிக்குதுன்ன, அதுக்கு மட்டும் எம்பேரையும் சேத்துக் கையெழுத்துப் போட்ட. மனுவுக்கு எறங்கி வந்து அக்டோபர்ல படம் வந்துச்சு. தொரை அதுக்குள்ள வேலைக்குப் போயிட்டார்.

போ. தாராளமாப் போ. எப்பிடிப் போவணும்னு நான் சொல்லித் தரேன்.

போனதும் நெஞ்ச நிமித்திக்கினு "எங்க காலத்துல"ன்னு ஆரம்பி. எங்க காலத்துல ஒரு எபிசோடு எறக்க ஒரு ராத்திரி ஆவும், எவனோ ஒரு ரசிகன் தூக்கம் கெட்டு இங்கிலீசுல வரி போட்டுக் குடுப்பான், அதுக்குப் பேரு பக்தின்னு சொல்லு. 2025 செப்டம்பர்ல டீமன் ஸ்லேயர் 'இன்ஃபினிட்டி காசில்' தியேட்டர்ல தமிழ்லயே பேசுச்சு இல்ல, அதைத் தமிழ்ல பாத்த பசங்களைப் பாத்து மூஞ்சியச் சுளி. ஜப்பான் குரல்ல பாக்காதவன் ரசிகனே இல்லன்னு ஒரு போடு போடு. அப்பறம் பாரு, உன்னைச் சுத்தி ஒருத்தன் இருக்க மாட்டான். காத்தாட உக்காரலாம்.

சிரிக்கிற. ஆனா உள்ளுக்குள்ள நீ அதுக்குத்தான் தயாரா வந்திருக்க. எனக்குத் தெரியாதா.

எனக்கு உன் வயசு இருக்கறப்ப, மலை எறங்கிப் போளூர்ப் பக்கம் ஒரு ஊருக்குக் கர்ண மோட்சம் கூத்து பாக்கப் போனேன். நடந்த அலுப்பு. பொன்னுருவி கர்ணனைத் தடுத்து அழுவுறா, அங்க கண்ணு சொருகிச்சு. முழிச்சா கிழக்கு வெளுக்குது, தேர்க்கால் மண்ணுல எறங்கிக் கெடக்குது. பக்கத்துல வெத்தலை மென்னுக்கினு ஒரு கெழவி. இன்னா ஆச்சுன்னேன். "அழுதா, கெளம்பிட்டான், அம்பு பட்டுச்சு, கிஸ்ணன் வரான்"னா. அவ்ளோதான். ஏன்டா தூங்கினன்னு கேக்கல. வெத்தலைல பாதி கிள்ளிக் குடுத்தா.

அதே ஆட்டத்துக்கு விடியக்காலம் ஒரு பெரிய மனுசர் வந்தார். வந்தவர் நான் பாக்கவே இல்லியே, மொதல்லேர்ந்து ஆடுங்கன்னார். கட்டியங்காரன் சும்மா இருப்பானா? "ஏ கர்ணா, எழுந்து வாடா! ஐயா வந்துட்டாரு, நீ மறுபடியும் மொதல்லேர்ந்து சாவணும்!"னான். கூட்டம் சிரிச்ச சிரிப்புல அவர் துண்டு கீழ வுழுந்தது அவருக்கே தெரியல.

நீ கெழவி பக்கத்துல உக்காரப் போறியா, துண்டைத் தேடப் போறியா?

இன்னொண்ணு. வெளியூர் போயிட்டு வந்தவன் நம்ம பக்கம் மொதல்ல இன்னா பண்ணுவான்? சாவு வுழுந்த வூட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பான். உங்க டிராகன் பால் எழுதின தொரியாமா 2024 மார்ச் 1ஆம் தேதி போயிட்டார். கூட்டாளிங்க கூடி அழுதப்ப நீ எங்க இருந்த? பொழப்பு இருந்துச்சுன்னு சொல்லுவ. ஆச்சு. போனதும் அதை விசாரி, தொப்பியைப் பத்தி அப்பறம் பேசலாம்.

ஷின்சான் போட்ட உசுய் சாவு அதுக்கும் பழசு. 2009 செப்டம்பர்ல தனியா மலையேறப் போனார். அராஃபுனேன்னு ஒரு மலை. திரும்பல. ஒரு வாரம் கழிச்சுப் பாறைக்கடியில ஒடம்பு கெடைச்சுது. காமிராவுல கடைசிப் படம், பாறை மேலேர்ந்து கீழ பாத்து எடுத்ததாம். மலைக்காரன் நான், அதைக் கேட்டு அன்னிக்குச் சோறு எறங்கல. அவர் போயும் அந்தப் பய மட்டும் 1990லேர்ந்து அஞ்சு வயசுலயே நிக்கிறான். அந்தப் பக்கம் உன் நருட்டோ? ஊரே ஒதுக்கி வெச்ச பய, 720 எபிசோடு ஓடி, ஊருக்கே தலைவனாகி, ரெண்டு புள்ளைக்கு அப்பனாயிட்டான். உனக்கு இன்னும் பொண்ணு பாத்து முடியல.

வயசாயிடுச்சு, வெக்கமா இருக்குதுங்கற. 28 ஒரு வயசாடா? நம்ம ரஜினியோட 'முத்து' 1998ல டோக்கியோவுல ஒரே தியேட்டர்ல 23 வாரம் ஓடுச்சு. 2023ல 'ஜெயிலர்' பாக்க ஒசாகாலேர்ந்து புருசனும் பொண்டாட்டியும் பிளேன் ஏறிச் சென்னைக்கு வந்தாங்க. அவங்க கடல் தாண்டி நம்ம கூத்து பாக்க வராங்க, நீ போளூர் தாண்ட வெக்கப்படுற.

லேட்டாயிடுச்சுன்னும் சொல்லாத. நம்ம காவலூர்ல 1986ல ராஜீவ் காந்தி வந்து தொறந்து வெச்சாரே 93 அங்குலத் தொலைநோக்கி, அதுல வந்து வுழுற நட்சத்திர வெளிச்சத்துல நெறைய எங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்துலயே கெளம்பினதாம். லேட்டா வந்தன்னு அதை எவனும் வாசல்ல நிறுத்தி வெக்கல.

கஞ்சி குடிச்சாச்சா? சரி, ஒன் பீஸ் எங்க நிறுத்தின? வானோ நாட்டுக்கே போவலையா! அடப்பாவி, அது 2019ல தொடங்கி 2023ல முடிஞ்சே போச்சு. கொள்ளுப்பேத்தி இங்கிலீசு வரியப் படிச்சுச் சொல்லச் சொல்ல, நான் ஆயிரம் எபிசோடு தாண்டிட்டேன். அந்தப் பொதையலு இன்னும் கெடைக்கல, ஆனா நடுவுல ஒரு சமாச்சாரம்... வேணாம், சொல்ல மாட்டேன்.

செல்லை எடு. டவர் அந்தப் பலாமரத்துக்கிட்டதான் கெடைக்கும். புரியலன்னா கேளு, நாலு வார்த்தையில சொல்றேன். வெத்தலை மட்டும் நீதான் வாங்கியாரணும்.