ஸ்டியரிங் பிடித்தவனுக்கு யானை இல்லை

சொந்தக் காரில் காட்டுக்குப் போனால் நினைத்த இடத்தில் நிறுத்தி நிதானமாக மிருகங்களைப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். இப்படிச் சொல்கிறவர்கள் எல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்து போனவர்கள்.

நாகரஹொளே, பந்திப்பூர், முதுமலை ஆகிய மூன்று தேசியப் பூங்காக்களுக்குள்ளும் பொதுச்சாலை ஓடுகிறது. யார் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் வழியில் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது, குரங்குக்குப் பொரி போடக் கூடாது. ஆக, வேடிக்கை பார்ப்பது மற்றவர்கள் பொறுப்பு. சட்டத்துக்குப் பயப்படுவது ஓட்டுகிறவன் பொறுப்பு.

குடகிலிருந்து கோவைக்குத் திரும்பும்போது மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுவது என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறியது. பின்சீட்டில் ஒரு ஜன்னல் மாமியாருக்கு, மறு ஜன்னல் மகளுக்கு. இரண்டுக்கும் நடுவில் மைத்துனன், பைனாகுலரோடு. முன்சீட்டில் மனைவி, முறுக்கு டப்பாவோடு. எனக்கு ஸ்டியரிங்.

நாகரஹொளே வாசலில் வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதிச் சீட்டுக் கொடுத்தார்கள். மறுவாசலில் அதைப் பார்ப்பார்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் வேகமாக ஓட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். தாமதமானால் எங்கேயோ நிறுத்தியிருக்கிறோம் என்று அர்த்தம். சீட்டைச் சட்டைப்பையில் வைப்பதற்குள் முதல் குரல் வந்தது.

"மாமா, அதோ!"

"எங்கேடா?"

"அந்த மரத்துக்குப் பக்கத்துல!"

தேக்கும் ஈட்டியும் மருதும் கண்ணுக்கெட்டிய மட்டும் நெருக்கியடித்து நிற்கிற காட்டில் இப்படி அடையாளம் சொல்ல என் மைத்துனன் ஒருவனால்தான் முடியும். நான் திரும்புவதற்குள் கடமான் போய்விட்டிருந்தது. அடுத்த முறை சுதாரித்துக்கொண்டு உடனே திரும்பினேன். கரையான் புற்று.

அதற்குப் பிறகு நான் திரும்பவேயில்லை. "கொம்பு பெருசு... நம்மளையே பார்க்குது... திரும்புது... ஐயோ, போயிடுச்சு." ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்தவன் என்பதால் எனக்கு இது பழகிய சுகம்தான். ஆனால் ரேடியோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுவார்.

குண்டல்பேட்டை தாண்டியதும் பந்திப்பூர். 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் சேர்ந்த 9 காப்பகங்களில் இதுவும் ஒன்று. வண்டிகளில் அடிபட்டு மிருகங்கள் சாவதால், இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை இந்தச் சாலையை மூடிவிடுகிறார்கள். பகலில் வருகிறவர்களுக்கு வேகத்தடை. அடுத்தடுத்து வரும். எந்தப் பருவத்தில் போனாலும் தரிசனம் உறுதி. ஓட்டுநர் மட்டுமே கண்ணாரக் காணும்படி இந்தக் காட்டில் ஏதாவது உண்டு என்றால் அது இதுதான்.

நிமிர்ந்து பார்த்தால் மட்டும் என்ன? ஓரமெல்லாம் உண்ணிச்செடி. தோட்டத்துக்கு அழகு என்று வெள்ளைக்காரர்கள் தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து வைத்தது, இன்று காடெல்லாம் ஆளுயரத்துக்கு மேல் புதராகக் கிடக்கிறது. யானையும் மானும் அதைத் தின்பதில்லை. ஒளிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்கின்றன.

"செந்நாய்! கூட்டமா ரோட்டைத் தாண்டுது மாமா!" என்று மைத்துனன் அலறியபோது நான் கிளட்சை மிதித்து, கியரை மாற்றி, அடுத்த வேகத்தடையில் வண்டியின் அடிவயிறு இடிக்காமல் ஏறிக்கொண்டிருந்தேன். செந்நாய்க் கூட்டத்தைப் பார்ப்பதற்கென்றே நாள்கணக்கில் காத்துக் கிடக்கிறவர்கள் உண்டு. மாமியார் கண்ணாடி வழியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நாய்தானேடா? இதுக்கா இந்தக் கத்து கத்தறே?" என்றார்.

தமிழக எல்லை நெருங்கும்போது ஒரு வளைவில் அது நடந்தது. புதர் விலகியது. தாய் யானை, காலடியில் குட்டி. இரண்டும் நட்டநடுச் சாலையில், என் கண்ணாடிக்கு நேர் எதிரே. ஓட்டுநருக்கென்று காடு கடைசியில் மனமிரங்கிவிட்டது என்று நினைத்தேன். இந்தத் தடவை யாரும் "அதோ" சொல்லவில்லை.

"மாப்ள, பின்னாடி எடுங்க" என்றார் மாமியார், சாமி கும்பிடும் குரலில்.

"காதை விரிச்சுக்கிட்டு வந்தா சும்மா மிரட்டல்தான் மாமா. காதை ஒட்ட வெச்சு, தும்பிக்கையைச் சுருட்டிக்கிட்டு வந்தாத்தான் நிஜம்" என்று மைத்துனன் கிசுகிசுத்தான்.

"இப்ப எப்படி வருது?"

"நீங்க முதல்ல ரிவர்ஸைப் போடுங்க!" என்றாள் மனைவி.

ரிவர்ஸ் எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. பின்னால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கழுத்தைத் திருப்பினேன். பத்தடி தள்ளி ஒரு தக்காளி லாரி. பம்பரில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கட்டித் தொங்கின. கண்ணாடியில் வாடிய சாமந்தி மாலை, அதன் கீழே புலிமேல் அமர்ந்த மாதேஸ்வரர் படம். அதன் டிரைவர் என் கார் கூரைக்கு மேலாக, ஒரு கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, யானையை ஆனந்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இஞ்ச் இஞ்சாகப் பின்வாங்க, நான் அவரையே பார்த்துப் பின்வாங்க, முன்னால் நடந்ததெல்லாம் மறுபடியும் வர்ணனையாகவே என் காதுக்கு வந்து சேர்ந்தது. தாய் காதை விரித்ததாம். குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியதாம். நான் முன்பக்கம் திரும்பியபோது சாலையில் சூடான சாணம் மட்டும் இருந்தது.

மசினகுடியில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கிருந்து ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும், அவையும் எனக்குத்தான். மற்றவர்கள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். யானை, செந்நாய், கடமான், காட்டெருமை, மலையணில். மாமியார் கரையான் புற்றையும் கரடிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

"அப்பா, நீ என்ன பார்த்தே?" என்றாள் மகள்.

"புலி."

டீ கிளாஸ்கள் அப்படியே நின்றன. "எங்க மாமா? பந்திப்பூர்லயா? எவ்வளவு கிட்ட?" என்று பைனாகுலரைக் கீழே வைத்தான் மைத்துனன்.

"பத்தடி. மேல ஒருத்தர் உட்கார்ந்திருந்தாரு."