சிரட்டைக்கு வண்ணம் ஊதும் கருவி

கேள்வி: சிரட்டைக் கைவினைக்கும் கொலு பொம்மைக்கும் வண்ணம் தீட்ட, முதன்முதலாக ஏர்பிரஷ் வாங்குவோர் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?
- வாசகர், பூதப்பாண்டி

பதில்: ஏர்பிரஷ்ஷைவிடக் காற்றுக்கே கூடுதல் பணம் ஒதுக்க வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகள் நனைக்கும் நாஞ்சில் நாட்டில், கம்ப்ரஸர் அழுத்தும் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி, வண்ணத்தோடு சிரட்டைமேல் தெறித்து மூன்றாவது மழையாகப் பெய்யும். ஆதலால் காற்றைத் தேக்கிச் சீராக விடும் தொட்டியும், அழுத்தத்தைக் குறைத்துக் கூட்டும் ரெகுலேட்டரும், நீரைப் பிரிக்கும் ஈரப்பிடிப்பானும் உள்ள கம்ப்ரஸரே ஏற்றது.

கருவியைப் பொறுத்தவரை, விசையை அழுத்தினால் காற்றும் பின்னிழுத்தால் வண்ணமும் வரும் இரட்டைச் செயல் வகையில், வண்ணம் தானே இறங்குமாறு மேலே கிண்ணமும் 0.3 மி.மீ. முனையும் கொண்டது நுண்கோட்டுக்கும் பரந்த பூச்சுக்கும் போதும். அக்ரிலிக் வண்ணத்தைப் பால்போல் நீர்க்கச் செய்து, 15 முதல் 25 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்த சிரட்டைமேல் மெல்லிய அடுக்குகளாக ஊதலாம். நுண்துளி நுரையீரலுக்குள் செல்லுமாதலால், காற்றோட்டமுள்ள இடமும் முகக்கவசமும் கட்டாயம். ஒவ்வொரு நிறத்துக்குப் பின்னும் கிண்ணத்தையும் முனையையும் உடனே கழுவ வேண்டும். உலர்ந்த அக்ரிலிக் தண்ணீரில் கரையாது.