எந்த போலீஸின் கம்ப்யூட்டர் பத்திரம்? திருச்சிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்ரீரங்கத்து ஏழு மதில்களைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். இணையப் பாதுகாப்பு என்று இந்த ஊரில் யார் மைக் பிடித்தாலும் அங்கேதான் போய் நிற்பார்கள். நேராக நோட்டை எடுத்துக் கட்டம் போடுங்கள். ஒப்பிடுவதற்கு நம்மூரில் காவலுக்கா பஞ்சம்? கோயில் வாசலில் மாநகர போலீஸ். ரயில் நிலையத்துக்குள் கால் வைத்தால் ரயில்வே போலீஸ், பக்கத்திலேயே ஆர்.பி.எஃப். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட்டில் இறங்கினால் மாவட்ட போலீஸ். ஏர்போர்ட்டில் சி.ஐ.எஸ்.எஃப்., அவர்களையும் கடந்தால் கஸ்டம்ஸ். ஒவ்வொருவருக்கும் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டியதுதான்.

மாநகரத்துக்கு ஏழு, மாவட்டத்துக்கு ஆறு என்று எழுதப் போகும்போது ஒரு சின்னச் சிக்கல் வரும். இருவரும் எஃப்.ஐ.ஆர். ஏற்றுவது சி.சி.டி.என்.எஸ். என்ற ஒரே போலீஸ் வலையமைப்பில். முகத்தை வைத்து ஆளைத் தேடும் மென்பொருளும் மாநிலம் முழுக்க ஒன்றேதான். ஸ்ரீரங்கத்தில் கடவுச்சொல்லை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும், ஓசூரிலோ நாகர்கோவிலிலோ யாராவது தங்களுடையதைத் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்தால் உங்கள் ஏழும் ஆறும் சேர்ந்தே காலி. எழுதியதை அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

அந்தப் பக்கத்தில் 2024 மே மாதத்தை எழுதுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. தளத்தைக் கட்டிக்கொடுத்தது சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் கொல்கத்தா கிளை. மகா மேதை யாரும் மண்டையை உடைத்துக்கொண்டு ஹேக் செய்ததாகத் தெரியவில்லை. ஒரு அட்மின் கணக்கின் கடவுச்சொல் வெளியே போயிருந்தது, அந்தக் கணக்குக்கு அதிகாரம் குறைவு என்று துறை விளக்கம் சொன்னது. ‘ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று நம் கையில் நோட்டீஸ் திணிப்பதும் இதே துறைதான். இந்த இடத்தில் சிரித்துவிடாதீர்கள், மார்க் போடும் கை நடுங்கும்.

கடவுச்சொல்லை மறுநாளே மாற்றிவிடலாம். ராத்திரி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சந்தேகத்தின் பேரில் நிறுத்தப்பட்டு, அந்த முக அடையாளத் தளத்துக்காகப் போட்டோ எடுக்கப்பட்டவர் எதை மாற்றிக்கொள்வார்? அவருக்கு உங்கள் நோட்டில் கட்டமே இல்லை. கோடு போடும்போதே விட்டுப்போயிற்று, பரவாயில்லை.

இனி வெளிநாடு. 2021-ல் வாஷிங்டன் மாநகர போலீஸிடமிருந்து 250 ஜி.பி.யை அள்ளிக்கொண்டு பாபுக் என்ற கும்பல் பணம் கேட்டது. பூஜ்யம். டெக்சாஸில் காக்ரெல் ஹில் என்ற சிற்றூர் போலீஸ், பணம் தர மறுத்து சர்வரைத் துடைத்தது. 2009 முதல் சேர்த்து வைத்திருந்த வீடியோ சாட்சியங்களில் பல அதோடு போயின. அதுவும் பூஜ்யம்தான், வீராப்புக்கு வேண்டுமானால் அரை மார்க். இவர்களைப் பற்றி நமக்கு எப்படித் தெரிந்தது? விஷயம் வெளியே வந்தது, அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆகவே விதி சுலபம்: வாயைத் திறந்தவருக்கு முட்டை, திறக்காதவருக்குப் பத்துக்குப் பத்து. உலகத் தரவரிசைகள் பலவும் இந்த விதிப்படிதான் நடக்கின்றன என்பது என் சந்தேகம். ஒரு சம்பவம் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்று 2022-ல் உத்தரவு வந்தது. உங்களுக்கும் எனக்கும் சொல்ல வேண்டும் என்று அதில் இல்லை.

மார்க் போட ஆதாரம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. மனு போடலாம். ‘பாதுகாப்பு காரணங்களுக்காக’ என்று தொடங்கும் பதில் வந்தால் மாநகர, மாவட்ட போலீஸ் அலுவலகங்கள் இரண்டுக்கும் முதல் பரிசைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். நிஜமாகவே பதில் வந்துவிட்டால்தான் ஜாக்கிரதை வேண்டும். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து போலீஸ் இப்படியொரு தகவல் மனுவுக்குப் பொறுப்பாக எக்செல் கோப்பில் பதில் போட்டது. அதற்குள் மறைந்திருந்த ஒரு தாளில் 9,483 ஊழியர்களின் குடும்பப் பெயர், பதவி, பணியிடம் எல்லாம் இருந்தன. ஹேக்கர் யாரும் வரவில்லை. அபராதம் மட்டும் ஏழரை லட்சம் பவுண்டு. எனவே உங்களுக்கும் எக்செல் வந்தால், கீழே எத்தனை தாள் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் வரை தெருக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் அதை ஃபார்வர்ட் செய்ய வேண்டாம்.